‘உங்களுக்கு 21 வயது நிறைந்துவிட்டதா?’ – கேட்கும் கதவுக்கு என்ன தெரியும்?

தீபாவளிக்கு முந்திய வாரம் கிள்ளானில் உள்ள நண்பர் வீட்டுக்குப் போயிருந்தேன். திறந்த இல்ல விருந்துக்குச் சாமான் வாங்கும் மும்முரத்தில் இருந்தார்கள். முறுக்கு மாவு, கோழி, குளிர்பானம் எல்லாம் பட்டியலில் ஏறிய பிறகு, வரப்போகும் பெரியவர்களுக்காக ஒரு பெட்டி பியரும் சொல்லிவிடலாம் என்று நண்பர் கைத்தொலைபேசியை எடுத்தார். சிறிய ஆலைகளின் பியரை விற்கும் இணையக் கடை அது. திறந்ததும் திரை முழுவதும் கறுப்பு. நடுவில் ஒரு வாசகம்: 21 வயது நிறைந்தவரா, முஸ்லிம் அல்லாதவரா என்பதை உறுதிப்படுத்துங்கள். அதற்குக் கீழே ‘ஆம்’, ‘இல்லை’ என்று இரண்டு பொத்தான்கள். நண்பர் ‘ஆம்’ என்பதைத் தட்டினார். கடை திறந்தது.

படிவம் 2இல் படிக்கும் அவருடைய மகன் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

“அங்கிள், நான் தட்டினாலும் இப்படித்தான் திறக்குமா?”

“திறக்கும்.”

“அப்புறம் எதுக்கு இந்தக் கதவு?”

நண்பர் சிரித்துவிட்டார். எனக்கு உடனே பதில் சொல்ல வரவில்லை. இணையத்தள வடிவமைப்பில் இதைவிட நல்ல கேள்வி குறைவு. பியர் விற்பவரின் தளத்துக்கு மட்டும் உரிய கேள்வியும் இல்லை இது. இதே கதவு இப்போது உங்கள் கைத்தொலைபேசியில் இருக்கும் செயலிகளின் வாசலுக்கும் வந்துகொண்டிருக்கிறது. ஆகவே அது எப்படி வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

கதவு ஏன் அங்கே நிற்கிறது?

முதல் காரணம் சட்டம். மலேசியாவில் மதுபானம் வாங்குவதற்கான வயது முன்பு 18ஆக இருந்தது. 2017 டிசம்பர் 1 முதல் அது 21. பாலத்தைக் கடந்து சிங்கப்பூர் போனால் 18. ஜப்பானில் 20. அமெரிக்காவில் 21. ஜெர்மனியில் பியர் வாங்க 16 வயது போதும். ஒரே இணையத்தளத்தை இத்தனை நாடுகளிலிருந்தும் பார்க்கலாம் அல்லவா? பார்ப்பவர் எந்த நாட்டில் இருக்கிறார் என்று தெரியாமல் எந்த வயதைக் கேட்பது?

உங்கள் சாதனம் இணையத்தில் பேசும்போதெல்லாம் ஓர் எண் முகவரி கூடவே போகிறது. அதை ஐபி முகவரி என்பார்கள். எந்தெந்த எண் தொகுதி எந்த நாட்டு இணையச் சேவை நிறுவனத்துக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது என்ற பட்டியல்கள் உண்டு. தளம் அந்தப் பட்டியலைப் பார்த்து நாட்டை ஊகித்துக்கொள்கிறது. நாட்டளவில் இந்த ஊகம் பெரும்பாலும் சரியாக இருக்கும். வீட்டு எண் வரைக்கும் போகாது.

இரண்டாவது காரணம், சிறிய ஆலைக்கு இணையத்தளம்தான் கடையின் முகப்பு. பெரிய நிறுவனங்களுக்குக் காப்பிக்கடைச் சுவரொட்டி முதல் விளையாட்டு அரங்கு வரை விளம்பரம் இருக்கிறது. ஒரு சமையல்கூடம் அளவுக்கு இடத்தில் இரண்டு மூன்று தொட்டிகளை வைத்துக் காய்ச்சுபவருக்கு அப்படி எதுவும் கிடையாது. யாராவது தேடி வந்தால்தான் உண்டு. தேடி வருபவர் முதலில் பார்ப்பது பியரை அல்ல, கதவை. அந்தக் கதவு முரட்டுத்தனமாக இருந்தால் வந்தவர் திரும்பிப் போய்விடுவார். ஒன்றும் இல்லாமல் இருந்தால் சட்டச் சிக்கல். வடிவமைப்பாளரின் தலைவலி இங்கேதான் ஆரம்பிக்கிறது.

சுவரா, திரைச்சீலையா?

அந்தக் கறுப்புத் திரையைப் பார்த்தால் பூட்டிய இரும்புக் கதவு போலத் தோன்றும். பெரும்பாலான தளங்களில் அது ஒரு திரைச்சீலைதான். நீங்கள் முகவரியைத் தட்டியதும், தொலைவில் இருக்கும் வழங்கிக் கணினி பக்கம் முழுவதையும் உங்கள் சாதனத்துக்கு அனுப்பிவிடுகிறது. பியரின் பெயர், விலை, படம் எல்லாம் வந்து சேர்ந்துவிட்டன. அவற்றின் மேல் கறுப்பு அடுக்கு ஒன்றை உலாவி விரிக்கிறது. ‘ஆம்’ என்று தட்டினால் அந்த அடுக்கு விலகுகிறது. கடை உங்கள் கைக்குள் ஏற்கெனவே வந்துவிட்டது. கதவு அதற்குப் பிறகுதான் சாத்தப்படுகிறது!

ஏன் இப்படித் தலைகீழாகச் செய்கிறார்கள்? தேடுபொறிதான் காரணம். தேடுபொறிகள் தானியங்கி நிரல்களை அனுப்பி உலகத்திலுள்ள பக்கங்களைப் படித்துவரச் செய்கின்றன. அந்த நிரலுக்கு வயது இல்லை. பொத்தானைத் தட்டவும் அதற்குத் தெரியாது. ஒவ்வொரு வருகையாளரையும் முதலில் ‘வயது கேட்கும் பக்கம்’ என்ற தனிப் பக்கத்துக்குத் திருப்பிவிட்டால், நிரல் அந்த ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டுப் போய்விடும். தேடலில் அந்த ஆலையின் பியர் எதுவுமே வராது. ‘உங்களுக்கு 21 வயதா?’ என்ற வரி மட்டும் வரும். சிறிய கடைக்காரருக்கு அது கடையை மூடியதற்குச் சமம்.

தனிப் பக்கத்துக்குத் திருப்புவதில் இன்னொரு செலவும் உண்டு. அது இயற்பியல். கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்குச் சுமார் 200,000 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் ஏறத்தாழ 15,300 கிலோமீட்டர். கேள்வி அங்கே போய்ப் பதில் திரும்பி வர 30,600 கிலோமீட்டர். வகுத்துப் பாருங்கள், 0.15 விநாடி. இது கம்பி நேர்கோட்டில் போனால். கடலடிக் கம்பிகள் வளைந்து நெளிந்து போவதாலும், வழியில் உள்ள சாதனங்கள் தாமதிப்பதாலும் உண்மையில் அதைவிடக் கூடும். ஒரு பக்கம் திறக்க இப்படிப் பல முறை போய்வர வேண்டியிருக்கும். வயது கேட்கும் தனிப் பக்கம் அந்தப் பயணங்களை இன்னும் கூட்டுகிறது. அதே வழங்கி கோலாலம்பூரில் இருந்தால் சிங்கப்பூரிலிருந்து போய்வரும் தூரம் சுமார் 630 கிலோமீட்டர். அதற்கு 3 மில்லிவிநாடி போதும். உள்ளூர் வாடிக்கையாளரை நம்பியிருக்கும் ஆலை தன் பக்கத்தின் நகலை அருகிலுள்ள வழங்கியில் வைப்பது இதனால்தான்.

தாமதத்தைப் பேசும்போது படங்களை விட்டுவிட முடியாது. நுரை ததும்பும் கிளாஸ் படத்தைக் கைத்தொலைபேசியில் எடுத்து அப்படியே தளத்தில் ஏற்றிவிடும் வழக்கம் சிறிய கடைகளில் இருக்கிறது. படம் 4,000 புள்ளி அகலம், திரையில் அது காட்டப்படும் இடமோ 400 புள்ளி. அந்தப் படத்தின் அளவு 4 மெகாபைட் என்றால் 32 மெகாபிட். விநாடிக்கு 10 மெகாபிட் வேகமுள்ள இணைப்பில் ஒரு படத்துக்கு மட்டும் 3.2 விநாடி. கதவு திறந்த பிறகும் வெற்றுத் திரையைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். படத்தைச் சுருக்கி ஏற்ற ஐந்து நிமிடம் போதும். ஏனோ பலர் செய்வதில்லை.

மறக்கும் வலை, நினைவூட்டும் குக்கி

சரி, ஒருமுறை ‘ஆம்’ என்று சொன்ன பிறகு அடுத்த பக்கத்திலும் அதே கேள்வி ஏன் வருவதில்லை?

வலைப் பக்கங்களைப் பரிமாறும் விதிமுறை அடிப்படையில் மறதிக்காரன். ஒவ்வொரு கோரிக்கையும் அதற்குப் புது ஆளிடமிருந்து வருவது போலத்தான். 1994இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பொறியாளராக இருந்த லூ மொன்டுல்லி இதற்கு ஒரு வழி கண்டார். இணையக் கடையில் ஒருவர் கூடைக்குள் என்ன போட்டார் என்பதை நினைவில் வைக்க வேண்டிய தேவை அப்போது எழுந்தது. வழங்கி ஒரு சின்னச் சீட்டை உலாவியிடம் கொடுக்கும். உலாவி அதைப் பத்திரப்படுத்தி, அடுத்த முறை போகும்போது காட்டும். அந்தச் சீட்டுத்தான் குக்கி. வயதுக் கதவு கொடுக்கும் சீட்டில் ஒரே ஒரு தகவல் இருந்தால் போதும்: ‘கேட்டாயிற்று’.

இதை நீங்களே சோதிக்கலாம், பியர் தளம் வேண்டாம். ‘குக்கிகளை ஏற்கிறீர்களா’ என்று கேட்கும் எந்தச் செய்தித் தளத்திலும் பதில் சொல்லிவிட்டு, அதே தளத்தை உலாவியின் தனிமறைவுச் சாளரத்தில் திறந்து பாருங்கள். மறுபடியும் கேட்கும். அந்தச் சாளரத்தில் உங்கள் பழைய சீட்டுகள் எதுவும் கிடையாது.

பொத்தான்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஓர் இலக்கைத் தொட ஆகும் நேரம் அதன் தூரத்தையும் அளவையும் பொறுத்தது என்று அமெரிக்க உளவியலாளர் பால் ஃபிட்ஸ் 1954இல் கணக்கிட்டுக் காட்டினார். பெரிதாக, விரலுக்கு அருகில் இருப்பதைச் சீக்கிரம் தொடுவோம். சில தளங்கள் இந்த அறிவைத் தவறாகப் பயன்படுத்துகின்றன. ‘ஆம்’ பொன் நிறத்தில் பளபளவென்று பெரிதாக இருக்கும். ‘இல்லை’ வெள்ளைப் பின்னணியில் வெளிர் சாம்பல் எழுத்தில், ஓரத்தில், கண்ணுக்குத் தட்டுப்படாமல் கிடக்கும். வாசிக்க வசதியான எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே ஒளிர்வு விகிதம் குறைந்தது 4.5:1 இருக்க வேண்டும் என்று அனைத்துலக வலை அணுகல் வழிகாட்டி சொல்கிறது. வெள்ளைமேல் கறுப்பு 21:1. அந்தச் சாம்பல் எழுத்து பல நேரம் 3:1ஐக்கூடத் தொடாது. வேண்டுமென்றே செய்யும் இத்தகைய ஏமாற்று வடிவமைப்புக்கு ‘இருண்ட உத்தி’ என்ற பொருளில் ஒரு பெயரை ஹாரி பிரிக்னல் என்ற வடிவமைப்பாளர் 2010இல் வைத்தார். வயது கேட்கும் இடத்தில் அதைச் செய்வது, கேட்காமலே இருப்பதைவிட மோசம் என்பது என் எண்ணம்.

விடையைச் சொல்லிக்கொடுக்கும் கேள்வி

நண்பரின் மகன் கேட்டதற்கு இப்போது வருவோம். ‘உங்களுக்கு 21 வயது நிறைந்ததா?’ என்ற கேள்வி, சரியான விடையைக் கையிலேயே கொடுத்துவிடுகிறது. தேர்வுத் தாளில் விடையையும் அச்சடித்துக் கொடுப்பது போல.

இதற்கு மாற்றாகச் சில தளங்கள் பிறந்த தேதியைக் கேட்கின்றன. குறைந்தபட்ச வயது என்னவென்று சொல்லாமல், எந்த ஆண்டையும் முன்கூட்டித் தேர்ந்து வைக்காமல் கேட்க வேண்டும். 13 வயதுக்குக் கீழ்ப்பட்ட சிறுவர்களின் தகவல்களைப் பாதுகாக்கும் அமெரிக்கச் சட்டம் தொடர்பான அரசு வழிகாட்டியும் இப்படித்தான் சொல்கிறது. ஒருவர் உண்மை வயதைச் சொல்லி உள்ளே விடப்படாவிட்டால், பின்னால் போய் வேறு தேதி கொடுத்து நுழையாதபடி குக்கி வைக்கலாம் என்றும் அது யோசனை கூறுகிறது.

கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கணக்குப் போட்டால் ஒரு சங்கடம் தெரியும்.

கடைக்காரருக்குத் தேவை ஆம் அல்லது இல்லை. கணினி மொழியில் அது 1 பிட். பிறந்த தேதி எத்தனை பிட்? 80 ஆண்டுகள், ஆண்டுக்கு 365 நாள் என்று வைத்தால் 29,200 வெவ்வேறு விடைகள் சாத்தியம். இரண்டை 15 தடவை பெருக்கினால் 32,768. ஆகவே கிட்டத்தட்ட 15 பிட். ஒன்றைக் கேட்கப் போய்ப் பதினைந்தை வாங்கிக்கொள்கிறோம்.

மீதிப் பதினான்கு பிட்டால் யாருக்கு என்ன நட்டம் என்று கேட்கலாம். லட்டன்யா ஸ்வீனி என்ற அமெரிக்கக் கணினி அறிவியலாளர் 2000ஆம் ஆண்டில் ஒரு கணக்கீட்டை வெளியிட்டார். பிறந்த தேதி, பால், ஐந்து இலக்க அஞ்சல் குறியீடு ஆகிய மூன்றை மட்டும் வைத்து அமெரிக்க மக்களில் 87 விழுக்காட்டினரைத் தனித்தனியாக அடையாளம் கண்டுவிட முடியும் என்று அது மதிப்பிட்டது. பெயரே வேண்டாம். அங்கே ஓர் அஞ்சல் குறியீட்டில் ஆயிரக்கணக்கானோர் இருப்பார்கள். சிங்கப்பூரிலோ ஆறு இலக்கக் குறியீடு ஒரே கட்டடத்தைக் குறிக்கிறது. உங்கள் வீவக புளோக்கில் உங்கள் பிறந்த தேதியில் பிறந்த இன்னொருவர் இருக்கிறாரா? யோசித்துப் பாருங்கள்.

மலேசியாவில் மைகார்டு எண் இன்னும் வெளிப்படை. 12 இலக்கங்களில் முதல் ஆறு பிறந்த ஆண்டு, மாதம், நாள். அடுத்த இரண்டு பிறந்த இடம். சிலாங்கூர் என்றால் 10, கோலாலம்பூர் என்றால் 14. கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். எண்ணை மட்டும் ஒரு படிவத்தில் நிரப்பினாலும் இத்தனையும் கூடவே போய்விடுகிறது. சிங்கப்பூரில், சட்டம் கோராத இடங்களில் நிறுவனங்கள் அடையாள அட்டை எண்ணைச் சேகரிக்கக் கூடாது என்ற விதி 2019 செப்டம்பர் 1 முதல் நடப்பில் இருப்பதற்கு இப்படிப்பட்ட காரணங்கள் உண்டு.

நண்பர் பார்த்த தளம் சமயத்தையும் வயதையும் ஒரே வாசகத்தில் சேர்த்து, ஒரே பொத்தானில் முடித்துவிட்டதைக் கவனித்திருப்பீர்கள். மலேசியாவின் 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் சமய நம்பிக்கை என்பது கூடுதல் பாதுகாப்பு தரப்பட வேண்டிய தரவு வகையில் வருகிறது. தனிக் கேள்வியாகக் கேட்டுப் பதிலை எழுதி வைக்காமல் இருப்பது கடைக்காரருக்கும் நல்லது, வாங்குபவருக்கும் நல்லது. ‘பலவீனமான’ அந்தக் கதவிடம் எனக்குப் பிடித்த குணம் இது. அதற்கு ஒன்றும் தெரியாது. தெரியாததைத் தொலைக்க முடியாது.

அட்டையைக் காட்டு, முகத்தைக் காட்டு

பொய் சொல்ல முடியாத கதவு வேண்டும் என்றால் என்ன செய்யலாம்? அடையாள அட்டையைப் படமெடுத்து அனுப்பச் சொல்லலாம். இது வலுவான சோதனை. ஆனால் பெயர், எண், முகவரி, முகம் எல்லாம் எங்கோ ஒரு கணினியில் போய் உட்கார்ந்துகொள்ளும். உங்களில் பலர் பயன்படுத்தும் டிஸ்கார்ட் செயலி 2025 அக்டோபரில் ஒரு செய்தியை அறிவித்தது. அதன் வாடிக்கையாளர் சேவையைக் கவனித்த வெளி நிறுவனம் ஒன்றின் வழியாக ஊடுருவல் நடந்ததில், சுமார் 70,000 பேரின் அரசாங்க அடையாள ஆவணப் படங்கள் அம்பலமாகியிருக்கக்கூடும் என்றது. அந்தப் படங்கள் எதற்காக அங்கே இருந்தன தெரியுமா? வயது தொடர்பான முடிவுகளை மேல்முறையீடு செய்தவர்கள் தங்கள் வயதை நிரூபிக்க அனுப்பியவை அவை. கடவுச்சொல் திருடுபோனால் மாற்றிக்கொள்ளலாம். பிறந்த தேதியை எப்படி மாற்றுவது?

இன்னொரு வழி முகம். கேமராவைப் பார்த்தால் போதும், நிரல் வயதை மதிப்பிடும். வயது தெரிந்த ஏராளமான முகப் படங்களைக் காட்டிப் பயிற்றுவித்த நிரல் அது. நீங்கள் யார் என்று அது சொல்வதில்லை, எத்தனை வயதிருக்கும் என்று ஓர் எண்ணைச் சொல்கிறது. அமெரிக்காவின் தேசியத் தர நிர்ணய, தொழில்நுட்பக் கழகம் 2024இல் இப்படிப்பட்ட ஆறு நிரல்களைச் சோதித்தது. எல்லா நிலையிலும் சிறந்தது என்று சொல்ல ஒன்றும் அமையவில்லை. படத்தின் தரம், பால், பிறந்த வட்டாரம், வயது ஆகியவற்றுக்கு ஏற்பப் பிழை மாறியது. பெண்களின் முகங்களில் பிழை ஏறக்குறைய எப்போதும் கூடுதலாக இருந்தது.

மதிப்பீட்டில் பிழை இருந்தால் எல்லைக்கோட்டை நகர்த்திவைக்க வேண்டியதுதான். பிரிட்டனில் மது வாங்கும் வயது 18. ஆனால் அங்குள்ள பல கடைகளில் 25 வயதுக்குக் குறைவாகத் தோன்றும் யாரிடமும் அட்டை கேட்கிறார்கள். கண் மதிப்பீடு ஏழு வயது தவறினாலும் தாங்கும். முகம் பார்க்கும் நிரலும் அப்படித்தான் இயங்க முடியும். 16 என்ற எல்லையில், 14க்கும் 18க்கும் இடைப்பட்ட உங்களைப் போன்றவர்களை அது அடிக்கடி ‘சந்தேகம்’ என்றுதான் சொல்லும். சந்தேகம் என்றால் மறுபடி அட்டை.

இந்த 16 எங்கிருந்து வந்தது? ஆஸ்திரேலியாவில் 2025 டிசம்பர் 10 முதல், 16 வயதுக்குக் கீழ்ப்பட்டோர் சமூக ஊடகக் கணக்கு வைத்திருப்பதைத் தடுக்க நியாயமான நடவடிக்கை எடுப்பது தளங்களின் கடமை. தவறினால் அபராதம் 49.5 மில்லியன் ஆஸ்திரேலிய டாலர் வரை போகலாம். மலேசிய அரசும் 2026இல் அத்தகைய கட்டுப்பாட்டைக் கொண்டுவரும் திட்டத்தை 2025 நவம்பரில் தெரிவித்தது. பியர் கடையின் வாசலில் தொங்கிய திரைச்சீலை உங்கள் வீட்டு வாசலுக்குச் சுவராக வருகிறது.

கரித்தாள் வைத்த உறை

யார் என்று சொல்லாமல், வயதை மட்டும் நிரூபிக்க முடியுமா? முடியாத காரியம் போலத் தோன்றும் இதற்கு டேவிட் சாம் என்ற அமெரிக்கக் கணினி அறிவியலாளர் 1982இல் ஓர் அழகான வழி சொன்னார். அவர் யோசித்தது மின்னியல் பணத்துக்காக. நமக்கும் அது பொருந்தும்.

ஒரு துண்டுத் தாளில் நீங்களே ஒரு நீண்ட எண்ணைக் கிறுக்கிக்கொள்கிறீர்கள். அதை ஓர் உறைக்குள் போடுகிறீர்கள். உறையின் உட்புறம் கரித்தாள் ஒட்டியிருக்கிறது. மூடிய உறையை அரசாங்க அலுவலகத்துக்குக் கொண்டுபோகிறீர்கள். அதிகாரி உங்கள் அட்டையைப் பார்த்து, வயது சரி என்று உறுதிசெய்து, உறையின் மேல் ‘21 நிறைந்தவர்களுக்கு’ என்றே வைத்திருக்கும் தனிக் கையெழுத்தைப் போடுகிறார். உறையைத் திறக்கவில்லை. கரித்தாள் வழியாகக் கையெழுத்து உள்ளே இருக்கும் துண்டுத் தாளில் பதிந்துவிட்டது. வீட்டுக்கு வந்து உறையைக் கிழித்துத் துண்டுத் தாளை எடுத்துக்கொள்கிறீர்கள்.

கடையில் அந்தத் தாளைக் காட்டினால், கையெழுத்து உண்மை என்று கடைக்காரருக்குத் தெரியும். உங்கள் பெயர் தெரியாது. அலுவலகத்துக்கு உங்கள் பெயர் தெரியும், ஆனால் தாளில் உள்ள எண்ணை அது பார்த்ததே இல்லை. கடைக்காரரும் அதிகாரியும் பிறகு சந்தித்துக் கூடிப் பேசினாலும், இந்தத் தாள் யாருடையது என்று கண்டுபிடிக்க முடியாது. கரித்தாளுக்கும் உறைக்கும் பதிலாகக் கணினியில் பெரிய எண்களைப் பெருக்கியும் வகுத்தும் இதையே செய்கிறார்கள். மேல்நிலை வகுப்பில் வகுமீதிக் கணக்கைப் படிக்கும்போது அந்தப் பெருக்கல் உங்களுக்குப் புரியும்.

இந்தத் திசையில் சில அடிகள் வைக்கப்பட்டும் இருக்கின்றன. கைத்தொலைபேசியில் வைத்துக்கொள்ளும் ஓட்டுநர் உரிமத்துக்கான அனைத்துலகத் தரம் 2021இல் வந்தது. அதில் பிறந்த தேதியைக் காட்டாமல் ‘21க்கு மேல்: ஆம்’ என்ற ஒற்றை விவரத்தை மட்டும் எடுத்துக் காட்ட இடமிருக்கிறது. அந்த 1 பிட்தான்.

குறை இல்லாமல் இல்லை. அண்ணன் தன் துண்டுத் தாளைத் தம்பியிடம் கொடுத்துவிட்டால்? ஒரு தாளை ஒரு முறைதான் பயன்படுத்தலாம் என்று வைக்கலாம், தாளைச் சாதனத்தோடு பூட்டிவைக்கலாம். ஆனாலும் அண்ணன் மனது வைத்தால் தடுப்பது கஷ்டம். அது கணினி தோன்றுவதற்கு முன்பே இருந்த சிக்கல். அதோடு ஆவணமே இல்லாதவர்கள், சொந்தக் கைத்தொலைபேசி இல்லாதவர்கள் இந்த ஏற்பாட்டில் எங்கே நிற்பார்கள் என்பதும் இன்னும் தீராத கேள்வி.

இத்தனையும் அன்று மாலை அந்தப் பையனிடம் சொல்ல முடியவில்லை. இரண்டு நாள் கழித்து நான் மறுபடி அங்கே போயிருந்தபோதுதான் பியர் பெட்டி வந்தது. விநியோக ஊழியர் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு வாசலிலிருந்து அழைத்தார். பையன்தான் முதலில் ஓடினான். ஊழியர் பெட்டியைக் கொடுக்கவில்லை. “அப்பா இருக்காங்களா தம்பி?” நண்பர் வந்து மைகார்டை நீட்டினார். அவர் அட்டையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், அட்டையைத் திருப்பிக் கொடுத்தார். படம் எடுக்கவில்லை, எண்ணைக் குறிக்கவில்லை. அடுத்த தெருவுக்குப் போவதற்குள் அந்த எண் அவருக்கு மறந்திருக்கும்.

“இதுதான் உண்மையான கதவு” என்றேன். “இணையத்தில் பார்த்தது வெறும் அறிவிப்புப் பலகை.”

பையன் கொஞ்சம் யோசித்தான். “அப்போ டிக்டாக்குக்கு யாரு வீட்டுக்கு வந்து பார்ப்பாங்க?” என்றான்.